ஆயக்கட்டு இழந்த ஏரிகள்: சென்னை வளர்ந்த விதமும் நீர் போன வழியும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னைத் தெருக்களில் ராணுவப் படகுகளும் மீனவர்களின் படகுகளும் ஓடின. 2019 ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. இடையில் நான்காண்டுகூட ஆகவில்லை. ரயில் வந்த நாள்களில் குடிநீர் வாரியம் நகருக்கு விட்டுக்கொண்டிருந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 52.5 கோடி லிட்டர். வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தொலைக்காட்சிகள் விடாமல் காட்டிய அந்த ரயில் சுமந்து வந்ததோ, அந்தக் குறைந்த அளவிலும் அரை சதவீதத்தை எட்டவில்லை.

இதையெல்லாம் இயற்கையின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிடலாம். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில். 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சி எல்லைக்குள் விழும் மழையை மட்டும் பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 21 டி.எம்.சி. வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் முழுக்க நிரம்பினால் பிடிப்பது 11.257 டி.எம்.சி. நாளுக்கு 100 கோடி லிட்டர் வீதம் ஓராண்டு முழுவதும் குழாயில் விட்டாலும் செலவு 13 டி.எம்.சி. அளவில் நிற்கும். பெய்வதையெல்லாம் பிடித்துவிட முடியாதுதான். ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி கடலுக்குப் போகும். முகத்துவாரங்கள் உயிரோடிருக்க அது போகவும் வேண்டும். அப்படிக் கழித்த பிறகும், இதைத் தண்ணீரற்ற ஊர் என்று சொல்ல முடியாது.

வெள்ளம், வறட்சி என்று நாம் இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்திருப்பவற்றின் வேர் ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வேர் நிலத்தில் இருக்கிறது. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று முடிவு செய்பவர்கள், அந்த நிலத்தில் நீர் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டதில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்ததுமில்லை.

யாருடைய ஏரி?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். கிழக்கே கடலை நோக்கி மிக மெதுவாகச் சரியும் தட்டையான நிலம். மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும் மழை. இரண்டையும் சமாளிக்க முன்னோர் கண்ட வழி ஏரித் தொடர். மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால் அதன் உபரி கலுங்கு வழியே இறங்கி, வாய்க்காலில் ஓடி, அடுத்த ஊர் ஏரியின் வரத்தாகும். அதுவும் நிரம்பினால் அதற்கும் கீழே. சின்னத் தாங்கல்களும் இந்த வரிசைக்குள் அடக்கம். மதகு வழியே போகும் நீர் வயலுக்கு, கலுங்கு வழியே போகும் நீர் அடுத்த ஏரிக்கு, ஊறி இறங்கும் நீர் கிணற்றுக்கு. வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும் அதே அமைப்புதான் கோடைக்கான சேமிப்பும்.

இந்த அமைப்பைக் காத்தது அறம் மட்டுமல்ல, ஆதாயமும்தான். ஒவ்வோர் ஏரிக்கும் ஓர் ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் வயற்பரப்பு, இருந்தது. ஏரி பாழானால் அந்த வயல்கள் பாழாகும். ஆகவே கரை உடைந்தால் மண் அள்ளிப் போட ஆட்கள் வந்தார்கள், வாய்க்காலை யாராவது அடைத்தால் சண்டைக்குப் போனார்கள், மடை திறந்து மூட ஒரு நீர்க்கட்டிக்கு ஊர் கூலி தந்தது. அந்த ஏற்பாட்டிலும் சாதியின் ஏற்றத்தாழ்வு இருந்தது, யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதிலும் இருந்தது. அதைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏரி அழிந்தால் தனக்கு நட்டம் என்று சொல்ல ஒரு கூட்டம் இருந்தது என்பது உண்மை.

நகரம் விரிந்தபோது முதலில் போனவை வயல்கள்தாம். விளைநிலம் மனையானது, ஆயக்கட்டு இல்லாமல் போயிற்று. அரசின் ஏற்பாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும் (இப்போது நீர்வளத் துறை) அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. ஓர் ஏரி எவ்வளவு பெரியது, யார் பொறுப்பு என்பதெல்லாம் அது பாய்ச்சும் வயலைக் கொண்டு அளக்கப்பட்டது. பாய்ச்ச வயல் இல்லாத ஏரிக்கு அந்த அளவுகோலில் மதிப்பே கிடையாது. அது வேலையில்லாத பொறம்போக்காகிவிடுகிறது. அதன் பிறகு யார் முதலில் மண் கொட்டுவது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் முதலில் கொட்டியது அரசுதான். 1920களில் தியாகராய நகர் உருவானது மாம்பலத்தின் நெடிய ஏரியை வடித்துத்தான். நுங்கம்பாக்கம் ஏரியின் ஒரு பகுதியில் பின்னாளில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வீட்டுவசதி வாரியத்தின் காலத்தில் இது பகிரங்கமான கொள்கையாகவே ஆயிற்று. முகப்பேரில் இன்றும் முகவரியில் ‘ஏரித் திட்டம்’ என்றே எழுதுகிறார்கள். அதில் திட்டமிடப்பட்டவை வீடுகள். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்கள் மூழ்கியபோது புதிதாகப் போட்ட வடிகால்களின் தரம் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த இடம் ஏன் தாழ்வாக இருக்கிறது என்ற கேள்வி விவாதத்துக்கு வரவே இல்லை.

ஆக்கிரமிப்பாளர் என்றதும் நமக்கு ஆற்றங்கரைக் குடிசை நினைவுக்கு வருகிறது. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்களை இறக்கி நிற்கும் பறக்கும் ரயில் பாதை நினைவுக்கு வருவதில்லை. அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீளும் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையும் அப்படித்தான். 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் நடைமுறையில், குடிசைக்காரர் நீர்நிலையில் இருந்தால் அது ஆக்கிரமிப்பு. அரசு இருந்தால் அது வகைமாற்றம். தாளில் வகை மாறினாலும் மழைநீர் பழைய வழியைத்தான் தேடி வருகிறது.

பள்ளிக்கரணை

தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் கடைசியாக வந்து தங்கும் இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கால்வாய் வழியாக முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் போய்க் கடலைச் சேரும். வெளியேறும் வழி குறுகலாக இருந்தும் அது சிக்கலாகாததற்குக் காரணம், காத்திருக்க விரிந்த இடம் இருந்ததுதான்.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த அந்த இடத்தை நாம் செலவழித்த விதத்தைப் பாருங்கள். பெருங்குடியில் பல பத்தாண்டுகளாக மாநகரின் குப்பையைக் கொட்டினோம். துரைப்பாக்கம்–பல்லாவரம் இருநூறடிச் சாலையைக் குறுக்கே போட்டோம். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தோம். அவற்றில் ஒன்று கடல் தொழில்நுட்பத்துக்கானது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2000இல் டைடல் பூங்கா திறந்த பிறகு பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247.54 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மிச்சத்தையாவது காப்பாற்றிய இயற்கை ஆர்வலர்களுக்கும் வழக்காடியவர்களுக்கும் நகரம் கடமைப்பட்டிருக்கிறது. இப்போது நடக்கும் சண்டை அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம் வரை கட்டடம் கூடாது என்பது பற்றி. நியாயமான சண்டைதான், சதுப்புநிலத்தின் வேலை எல்லைக்கோட்டோடு முடிந்துவிடுவதில்லை.

இதே பள்ளிக்கரணையைச் சுற்றித்தான் சென்னையின் ஏழைகளையும் கொண்டுபோய் வைத்தோம். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தந்தது. வீடு சிறியதுதான், பராமரிப்பும் மோசம்தான். ஆனாலும் பிழைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 2000க்குப் பிறகு வாரியம் வேறு திசையில் நடந்தது. கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கும் மேல், பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அகற்றி இங்கே அனுப்பினார்கள். ஆற்றை மீட்கவும், அவர்களை வெள்ளத்திலிருந்து காக்கவும் என்று காரணம் சொல்லப்பட்டது.

செம்மஞ்சேரி ஒவ்வொரு பெருமழைக்கும் மூழ்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கமும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. ஆற்றங்கரையில் வெள்ளம் வரும் என்று தூக்கிவந்து, வடிகால் இல்லாத சதுப்பின் விளிம்பில் இறக்கிவிட்டோம். முன்பு நடந்தே போய் வீட்டு வேலை பார்த்த பெண்கள் இப்போது விடியற்காலையில் இரண்டு பஸ் மாறுகிறார்கள், அல்லது வேலையை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு கல்வியாண்டின் நடுவில் அறுந்தது. மறுகுடியமர்வு என்ற பெயரில் நாம் செய்தது, நகரின் நீர்ச்சுமையை அதைத் தாங்க முடியாதவர்கள் தலையில் மாற்றி வைத்தது. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருக்கிறது. வாழ்விடம் என்பதற்குள் பிழைப்பும் அடங்கும் என்பதைப் புதிய பெயருக்கேற்ப வாரியம் ஏற்றால் நல்லது.

ஷட்டர் யார் கையில்?

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மி.மீ. மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி நின்றன. டிசம்பர் 1ஐ ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் திறந்துவிடப்பட்ட நீர் உச்சத்தில் நொடிக்கு 29,000 கன அடியைத் தொட்டது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறையின் அறிக்கை இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

நீரைத் திறந்துவிட்ட அதிகாரிகளைக் குறை சொல்வதற்கு முன், அவர்களிடம் நாம் என்ன கேட்டோம் என்று பார்க்க வேண்டும். செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. டிசம்பர் முடிவில் அது நிரம்பியிருக்காவிட்டால் கோடையில் நகரம் தவிக்கும். 2019 அதைக் காட்டியது. வெள்ளத் தடுப்பு என்று பார்த்தால் அதே ஏரி நவம்பரில் பாதி காலியாக இருக்க வேண்டும். மேலும் கீழும் உள்ள ஏரிகள் தம் பங்கை ஏந்திக்கொண்டிருந்த காலத்தில் இந்த முரண் இவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை. தொடர் அறுந்ததும், பல ஏரிகள் பகிர்ந்து செய்த வேலை ஒரே ஏரியின் ஷட்டர்மேல் வந்து விழுந்தது. அன்று அடையாற்றில் வந்த நீரும் செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமல்ல; ஆதனூர், முடிச்சூர், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரியும் எந்த ஷட்டருக்கும் கட்டுப்படாமல் அதில் சேர்ந்தது.

அடையாறு ஒன்றுதான், அதற்கு அலுவலகங்கள் எத்தனை! ஆறு நீர்வளத் துறையிடம், அதில் கலக்கும் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், கரை நிலம் வருவாய்த் துறையிடம், கரையில் கட்ட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், குறுக்கே போகும் பாலம் நெடுஞ்சாலைத் துறையிடமோ ரயில்வேயிடமோ. இதற்குமேல் அது தாம்பரம், சென்னை என்று மாநகராட்சிகளையும் கடந்து வருகிறது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. இத்தகைய குழுக்களின் பரிந்துரைகள் நல்லவையாகவே இருக்கின்றன. அவற்றைச் செய்யாவிட்டால் எந்த அலுவலகம் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை.

செய்யத்தக்கவை

முதலில் பழைய வெற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. கெடு வைத்து, இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டிச் செய்தது. அடுத்து வந்த நல்ல மழைகளில் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. உறுதியாகச் சொன்னால் நகரம் கேட்கும் என்பதற்கு அது சான்று. பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. தொட்டியில் மணல் அடைத்துக்கொண்டது, பல இடங்களில் குழாய் நேரே தெருவை நோக்கித் திருப்பப்பட்டது. கட்டட நிறைவுச் சான்றின்போது ஒரு முறை பார்ப்பதை விட்டுவிட்டு, சொத்து வரியோடு சேர்த்து அவ்வப்போது சோதித்தால் போதும். புதுச் சட்டம் தேவையில்லை.

வடிகால் எல்லா இடத்துக்கும் மருந்தாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதிகளில் வடிகால் போடும் திட்டத்தைக் குடியிருப்போரே எதிர்த்தார்கள். விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. மணல் தானே குடித்துக்கொள்ளும் நீரைக் கடலுக்குக் கடத்த எதற்குக் கான்கிரீட் என்று கேட்டார்கள். களிமண் தரைக்கு ஒரு வழி, மணல் தரைக்கு இன்னொரு வழி.

கழிவுநீரை நாம் இன்னும் நீராகப் பார்க்கவில்லை. மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1990களிலிருந்தே குடிநீர் வாரியத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்துகிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் வந்த நிலையங்கள் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. இரண்டும் சேர்ந்து நாளுக்கு ஒன்பது கோடி லிட்டர். ஜோலார்பேட்டை ரயில் 36 நடை வர வேண்டிய அளவு. நகரம் குடிக்கும் நீரில் பெரும்பங்கு கழிவாகத் திரும்பி வருகிறது, மழை பொய்த்த ஆண்டிலும் வருகிறது. அதை விட்டுவிட்டு, தண்ணீர் லாரிக்காகத் திருவள்ளூர், காஞ்சிபுரம் கிராமங்களின் கிணறுகளை உறிஞ்சுகிறோம். மீஞ்சூர் பக்கம் பல ஆண்டுகள் அப்படி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்தடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. அங்கே விவசாயம் அழிந்த கதையைச் சென்னைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நான் எதிர்க்கவில்லை. மீஞ்சூரில் 2010இல் 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 2013இல் 10 கோடி, 2024இல் மேலும் 15 கோடி. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். பஞ்ச காலத்தில் இவை கைகொடுக்கும். ஆனால் மின்சாரச் செலவு கடுமை. உப்புக்கழிவு கடலுக்கே திரும்பிப் போகிறது. நெம்மேலிப் பக்கத்து மீனவர்கள் கரை அரிப்பைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள். வானம் இலவசமாகத் தருவதைச் சாக்கடையில் விட்டுவிட்டு விலைக்கு வாங்குவதை முதன்மைக் கொள்கையாகக் கொள்ளக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரிக்கு மறுபடி ஓர் ஆயக்கட்டு வேண்டும். வயல் திரும்பி வராது. அந்த இடத்தில் வார்டுகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஏரிக்கும், அது நிரம்பினால் எந்தெந்தத் தெருக்களின் கிணறு ஊறும், அது அடைபட்டால் எந்தெந்தத் தெருக்கள் மூழ்கும் என்று வரைந்துவிட முடியும். அதற்கான மட்டக் கணக்குகளும் வெள்ள வரைபடங்களும் ஏற்கெனவே எடுக்கப்பட்டவைதாம். அந்த வார்டுகளை அந்த ஏரியின் ஆயக்கட்டாக அரசிதழில் அறிவிக்கட்டும். அவை கட்டும் வரியில் ஒரு சிறு பங்கு தூர்வாரவும் கலுங்கைச் சரிசெய்யவும் போகட்டும். ஏரியின் மட்டமும், அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பெயரும் வார்டு அலுவலகத்தில் ஒட்டப்படட்டும். செம்பாக்கம் ஏரியைத் தொண்டு நிறுவனங்களும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து மீட்டதுபோன்ற முயற்சிகள் நல்லவை, ஆனால் ஒரு நிதிக்கொடை முடிந்ததும் நின்றுவிடும் ஆபத்து உள்ளவை. நட்டப்படுகிறவர்களிடம் பொறுப்பும் அதிகாரமும் இருந்தால்தான் ஏற்பாடு நிலைக்கும். வார்டுக் கூட்டத்தில் சண்டை வரும். வரட்டும், ஏரிக்காக யாரும் சண்டை போடாமல் இருந்ததன் விளைவைத்தான் பார்த்துவிட்டோமே.

நடு நகரில் இனி இடமில்லை என்ற பேச்சும் முழு உண்மையல்ல. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை 2024இல் திரும்ப எடுத்த அரசு, அங்கே குளங்களை வெட்டியது. நீருக்கு மைதானத்தில் இடம் கிடைக்குமானால், ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்படுவோருக்கும் நகருக்குள் அரசு நிலம் தேடினால் கிடைக்கும். பெரும்பாக்கம் போன்ற இன்னொரு குடியிருப்பைப் புறநகரில் கட்டுவதற்கு முன் அந்தத் தேடல் நடந்ததா என்று காட்டும்படி வாரியத்தைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசு ஆணை வந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் முடிகிறது, மூன்றாவது தயாராகிறது. புதிதாகச் சேரும் பகுதி முழுக்க ஏரித் தொடர்கள், இன்னும் பெருமளவு உயிருள்ளவை. அதன் மேற்கே பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கும் மேல் கேட்கப்படுகிறது. அந்த நிலத்தில் ஏரிகளும் உண்டு, கம்பன் கால்வாயின் பாதையும் உண்டு. அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடுவது தங்கள் வயலுக்காக; ஆனால் அந்தப் பகுதியின் நீர் வழிந்து வரும் திசை கிழக்கு, சென்னையின் பக்கம். மூன்றாம் முழுமைத் திட்டத்தை வரைபவர்கள் சாலையையும் தொழிற்பேட்டையையும் போட்ட பிறகு மிச்ச இடத்தில் நீல நிறம் தீட்டப்போகிறார்களா, முதலில் கலுங்குகளையும் வாய்க்கால்களையும் தாழ்நிலங்களையும் குறித்துவிட்டுப் பிறகு சாலைக்கு இடம் தேடப்போகிறார்களா என்பதை வரைவு வெளியானதும் முதல் வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். ஆட்சேபம் சொல்லப் பொதுமக்களுக்குக் கால அவகாசம் தரப்படும். பெரும்பாக்கத்திலும் முடிச்சூரிலும் அந்த வரைவைத் தமிழில் அச்சிட்டு, கூட்டம் போட்டு, தெருப் பெயர்களோடு விளக்குவது பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வேலை.